ஒரு கட்டம் பின்னால்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்தவர்கள் நீட்டிக்கொள்ளலாம், தூக்கம் வருகிறவர்கள் பக்கத்துத் தோளில் சாய்ந்துகொள்ளலாம், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு மகா உழைப்பாளியின் கதை. உழைத்து உழைத்தே உருப்படாமல் போனவர். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் காதில் விழாது. இந்நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணிக்கொண்டிருப்பார்.

அவர் செல்லோ வாசிக்கிறவர். செல்லோ என்றால் வயலினுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்கிற கனத்த குரல் வாத்தியம். நகரத்து இசைக்குழுவில் அவருக்கு வேலை. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குழுவில் ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை, மணிக்கணக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏனென்றால் "சௌக்கியமா?" என்று கேட்டாலும் மனிதர், "நேத்து எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன்" என்றுதான் பதில் சொல்வார். வெளியே நல்ல மழையா என்று கேட்டால், "எனக்கெப்படித் தெரியும், நான் சாதகத்துல இருந்தேன்" என்பார். குழுவில் ஒருத்தருக்குக் குழந்தை பிறந்ததென்று எல்லோரும் கைகுலுக்கியபோது, "பாவம், இனிமே உங்களுக்கு சாதகம் போச்சு" என்று துக்கம் விசாரித்தவர் அவர்.

எட்டு மணி நேரமும் என்ன செய்வார்? அதைச் சொன்னால்தான் கதை புரியும். உட்காருவார். பாட்டை முதல் வரியிலிருந்து எடுப்பார். எங்கேயாவது விரல் தவறும். உடனே நாக்கால் "ச்ச்" என்பார், நிறுத்துவார், ஒரு கட்டம் பின்னால் போய் அந்த இடத்தைத் திரும்ப வாசிப்பார். கட்டம் என்றால் நாலு தட்டுத் தாளம் அடங்கிய ஒரு துண்டு, அவ்வளவுதான். மறுபடி தவறினால் மறுபடி "ச்ச்", மறுபடி பின்னால். மனம் வெறுத்துப் போனால் முதல் வரிக்கே போய்விடுவார். இப்படியே பொழுது சாயும். அவர் பாட்டுகளில் முதல் பக்கம் துடைத்து வைத்த பித்தளைக் குடம் மாதிரி பளபளக்கும். கடைசிப் பக்கம் ஆள் புழங்காத அறை.

குழுவில் அவருக்குக் கடைசி வரிசை. கடைசி வரிசையில் ஒரு வசதி உண்டு. மேடையில் விரல் தவறினால் அங்கே நிறுத்திவிட்டுப் பின்னால் போக முடியாதே, ஊரே முன்னால் போய்க்கொண்டிருக்குமே. அதனால் அவர் வில்லைத் தந்திக்கு ஒரு மயிரிழை மேலே தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் இழுக்கிற பக்கமெல்லாம் தானும் இழுப்பார். பார்க்கிறவர்களுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும். சத்தம் மட்டும் வராது. இது ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். நோட்ஸ் வைக்கிற ஒரே ஸ்டாண்டை அவரோடு பகிர்ந்துகொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு. அவள் வேறு யாருமில்லை, அவர் பெண்டாட்டியின் தங்கை. "என்ன அத்தான், இன்னிக்கு நல்லா காத்து வாங்கினீங்க போல" என்று வில்லைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிடும்.

அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். பெரியவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அளவெடுத்து, கண்ணாடி பொருத்தி, காது மடலில் வலிக்காதபடி காம்பை வளைத்துக் கொடுப்பாள். சின்னவள் செல்லோவும் கையுமாகத் திரிகிறவள்.

இப்படியிருக்க, குழுவில் செல்லோவின் முதல் நாற்காலியில் இருந்தவர் வேறு ஊருக்கு வேலை மாற்றிப் போனார். முதல் நாற்காலி என்றால் சும்மா இல்லை. சபைக்கு முகம் காட்டுகிற இடம். தனியாக வாசிக்க வேண்டிய இடமெல்லாம் அந்த நாற்காலிக்குத்தான். மணிக்கணக்கர் வருஷக்கணக்காக அந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தே நரைத்தவர். அவருக்கு இனி இன்னொரு வாய்ப்பு வரும் என்கிற வயசில்லை. இப்போது விட்டால் கடைசி வரிசையிலேயே காற்று வாங்கி, கடைசி வரிசையிலேயே ஓய்வு பெற வேண்டியதுதான்.

குழுவை நடத்துகிறவரை எல்லோரும் கோல்காரர் என்பார்கள், கையில் அந்தச் சின்னக் கோல் இருப்பதால். நாற்காலி கேட்டு நின்றவர்கள் மணிக்கணக்கரும் சின்னவளும் மட்டும்தான். கோல்காரர் ஒரு வழி சொன்னார். ஒரே நிகழ்ச்சி, அடுத்தடுத்த சனிக்கிழமைகளில். அதில் முடிவுக்குச் சற்று முன்னால் செல்லோவுக்கு மெதுவான ஒரு தனிப் பகுதி வரும். மற்ற வாத்தியங்கள் அடியில் சன்னமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் எல்லோரும் ஒன்றாக ஒரே நீண்ட சுரத்தில் முடிப்பார்கள். முதல் சனிக்கிழமை அனுபவத்தில் மூத்தவர் வாசிக்கட்டும், அடுத்தது சின்னவள். அப்புறம் குழுவின் நிர்வாகக் கமிட்டி முடிவு செய்யட்டும்.

சின்னவள் அன்று சாயங்காலமே செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். லிஃப்ட் சும்மா நிற்க, படியில் ஓடி ஏறி வந்தாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையலறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூச்சு இரைக்க இரைக்க, அந்தத் தனிப் பகுதியை நடுவிலிருந்து எடுத்தாள். ஓரிடத்தில் விரல் வழுக்கியது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

அறைக்கதவு திறந்தது. மணிக்கணக்கர் வில்லும் கையுமாக வந்து நின்றார்.

"இதென்ன கூத்து? தீப்பிடிச்ச வீட்டுலேர்ந்து ஓடி வந்தவ மாதிரி?"

"மேடையில நெஞ்சு இப்படித்தான் அடிக்கும் அத்தான். அங்க போய்ப் பழகறதுக்கு இங்கயே பழகிக்கறேன்."

"நாலாவது கட்டத்துல தப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா மேல போனே?"

"போகாம? மத்தவங்க எனக்காக நிப்பாங்களா?"

"தப்பைத் திருத்தாம போறதுக்குப் பேரு சாதகமா?"

"திருத்தறது காலையில. மெதுவா, அந்த ரெண்டு விரலை மட்டும் உட்கார வெச்சு. சாயங்காலம் ஓட்டம். ஓட்டத்துல நிக்கறதில்லை."

"ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி. வேலை இல்லேன்னா ரெண்டு."

அவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "கேட்டியாடி உன் தங்கச்சி லட்சணத்தை?"

"எனக்கு எல்லாம்தான் கேட்டுது" என்றாள் பெரியவள், வெங்காயத்தில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மத்தியானத்துலேர்ந்து நீங்க நிறுத்தி நிறுத்திப் போறதும் கேட்டுது. டவுன் பஸ்ல உட்கார்ந்திருக்கற மாதிரி இருந்துது. எப்போ ஊர் வந்து சேருமோன்னு."

சின்னவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் அக்கறையாகவே சொன்னாள்: "அத்தான், நீங்க பழகறது பாட்டை இல்ல, நிறுத்தறதை. ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கோம். எங்களுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. என்ன ஆனாலும் நிறுத்தாம."

"இன்னும் பதம் வரல. அரைவேக்காட்டை நான் யாருக்கும் பரிமாறறதில்லை."

"சனிக்கிழமை பரிமாறணுமே?"

"அன்னிக்கு வெந்திருக்கும்." கதவு சாத்திக்கொண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உடனே உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால், படிக்கிற காலத்திலிருந்தே யாராவது பார்த்தால் அவருக்குப் பின்கழுத்து வேர்க்கும், விரல்கள் மரக்கட்டை ஆகிவிடும். அந்த அறைக்குள் மட்டும் அந்தப் பயம் வராது. அதனால் அந்த அறைக்குள்ளேயே இருந்தார். இருந்த நேரத்தைக் கணக்குப் பண்ணி அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்தார். யாருக்கும் வாசித்துக் காட்டாததற்குத் தரம் என்று பெயர் வைத்தார். பேர் வைக்கிறதில் ஆள் கெட்டிக்காரர்.

குழுவில் எல்லோருக்கும் மேடைப் பயம் பற்றி வகுப்பெடுக்க அந்த வாரம் ஒரு மனநல அம்மாள் வந்தாள். ஒத்திகைக் கூடத்தில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். "மேடையைப் பாருங்க. உங்க கையைப் பாருங்க. வில் தந்தியில எங்க இருக்குன்னு பாருங்க. ஒரு சுரம் தவறிப் போச்சு, அடுத்த சுரத்துக்கு எப்படிப் போறீங்கன்னு பாருங்க" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நம்மாள் கண்ணை மூடினார். மேடையைப் பார்த்தார். அங்கிருந்து ஒரே தாவலில் கைதட்டலுக்குப் போய்விட்டார். எழுந்து நிற்கிற சபை, கோல்காரர் கை நீட்டுவது, தான் தலையைக் கொஞ்சமாகச் சாய்ப்பது எல்லாம் அவருக்கு அச்சு அசலாகத் தெரிந்தது. செல்லோ மட்டும் தெரியவில்லை. வகுப்பு முடிந்து, "ரொம்பப் பிரயோஜனமா இருந்துது" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வேறு வந்தார்.

சனிக்கிழமை வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பெரியவள். மணிக்கணக்கர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தபோது, முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் ஒரு பெரிய வெளிச்சம்தான் இருந்தது. மறைந்துகொள்ள ஒரு மேஜைக்கால்கூட இல்லை. பின்கழுத்து வேர்த்தது.

தனிப் பகுதி வந்தது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது; தொடக்கங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாதி தாண்டியதும் ஒரு விரல் வழுக்கியது. நாக்கு "ச்ச்" என்றது. கை, அதற்கு யார் என்ன சொல்ல முடியும், ஆயிரம் தடவை போன வழியில் தானாகவே ஒரு கட்டம் பின்னால் போய்விட்டது.

குழு பின்னால் போகவில்லை. அது முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் அதிர்ஷ்டம் என்கிற கண் தெரியாத சனியன் வந்து தொலைத்தது. அந்த இடத்தில் அடியில் தாங்குகிற சுரங்கள் கட்டத்துக்குக் கட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. அவர் ஒரு கட்டம் பின்தங்கி வாசித்தது சபைக்கு உறுத்தவில்லை. கோல்காரரின் புருவம் மட்டும் மேலே போய் அங்கேயே நின்றது. எல்லோரும் கடைசிச் சுரத்தை நீட்டி முடித்தார்கள். கோல் கீழே இறங்கியது. அமைதி. மணிக்கணக்கருக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. நிறுத்தவும் தெரியாமல், தாவவும் தெரியாமல், அதை அவர் தனியாக வாசித்து முடித்தார். அந்த நிசப்தத்தில் ஒற்றைச் செல்லோ, யாருமில்லாத வீட்டில் ஒருத்தர் பேசுகிற மாதிரி, மெல்லத் தேய்ந்து நின்றது.

சபை எழுந்து நின்றது. பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள்.

மேடைக்குப் பின்னால் கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். இசை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைதட்டலின் நீளம்தான். "அடடா, அந்தக் கடைசித் தனிமை! எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு குரல்! அது எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு?"

கண்ணுகளா, ஒரு மனுஷனுக்கு உண்மை சொல்ல ஆண்டவன் இதைவிடச் சுலபமான வாய்ப்புக் கொடுக்க மாட்டான். "தவறிடுச்சு" என்றால் போதும். சிரித்திருப்பார்கள், தட்டிக் கொடுத்திருப்பார்கள். மணிக்கணக்கர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

"தோணுச்சு" என்றார். "உள்ளேர்ந்து வந்துது."

பக்கத்தில் கோல்காரர் கோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "உள்ளேர்ந்தா? அப்போ சரி. அடுத்த சனிக்கிழமையும் உள்ளேர்ந்து வரவழைச்சிடுங்க" என்றார்.

கமிட்டித் தலைவர் விடவில்லை. "ஆமா ஆமா, அடுத்த வாரமும் இவரே வாசிக்கட்டும். இதைக் கேக்கறதுக்குன்னே ஜனம் வரும். அந்தப் பொண்ணு அதுக்கடுத்து வாசிச்சுக்கட்டும், அதுக்கு அவசியம் இருந்தா." சின்னவள் நாலடி தள்ளி நின்று தன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்கர் அவள் பக்கம் பார்க்கவில்லை. கழுத்தில் ஏதோ பிடித்துக்கொண்ட மாதிரி வேறு பக்கமே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி முறையைப் பிடுங்கிக்கிட்டீங்க."

"கமிட்டி கேட்டுக்கிட்டுது. நான் என்ன பண்ணுவேன்?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"எந்த உண்மை?"

"நான் முன் வரிசையில உட்கார்ந்திருந்தேன். உங்க 'ச்ச்' எனக்குக் கேட்டுது. வீட்டுல நாள் முழுக்கக் கேக்கறவளுக்கு அது தெரியாதா?"

மணிக்கணக்கர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே யோசித்தார். "கலைன்னா என்னன்னு கண்ணாடிக் கடையில சொல்லித் தர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். இரண்டு நாள் அவருக்குச் சோறு மூடி வைத்த தட்டில்தான் கிடைத்தது.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்காதீர்கள். தவறியதை இப்போது தெரிந்தே செய்ய வேண்டும். எந்த இடத்தில் பின்னால் போனார்? அவருக்கே தெரியாது, போனது கைதானே, அவரா? கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சின்னவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஒரு போன் போட்டால் சொல்லியிருப்பாள். போன் போட்டால் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! ஆகவே முதல் வரியிலிருந்து எடுத்தார். எடுத்து, தவறுவதற்காகக் காத்திருந்தார். தவற வேண்டிய இடத்தில் தவறவில்லை; தவறக் கூடாத இடத்திலெல்லாம் தவறியது. "ச்ச்", பின்னால். "ச்ச்", பின்னால். எட்டு மணி ஒன்பதானது, ஒன்பது பத்தானது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதைக் கைதட்டலாக எடுத்துக்கொள்ளவும் நம்மாளுக்கு மனசு வந்தது.

கடைசியில் அவரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்ஸில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டார். இங்கே பின்னால் போவது. ஒரே ஒரு தடவை. அப்புறம் தனிமை. அப்புறம் கைக்குட்டைகள்.

அடுத்த சனிக்கிழமை சுவரோரமெல்லாம் ஜனம் நின்றது. கமிட்டித் தலைவர் தன் சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வந்திருந்தார். பெரியவளும் வந்திருந்தாள், கோபத்தோடுதான், இருந்தாலும் வந்திருந்தாள்.

தனிப் பகுதி தொடங்கியது. வட்டம் போட்ட இடம் நெருங்க நெருங்க அவருக்குச் சுரம் எதுவும் கண்ணில் படவில்லை, வட்டம்தான் தெரிந்தது. வந்தது. வேண்டுமென்றே ஒரு கட்டம் பின்னால் போனார். போன இடத்தில் அடியில் தாங்கிய சுரங்கள் இந்தத் தடவை ஒத்துவரவில்லை. கல்யாண வீட்டுக்குள் தப்பான விருந்தாளி நுழைந்த மாதிரி ஒரு நெருடல். அந்த நெருடலில் பயம் வந்தது, பயத்தில் விரல் நிஜமாகவே வழுக்கியது. நாக்கு "ச்ச்" என்றது. கை மறுபடியும் பின்னால் போனது.

குழு முடித்துவிட்டது. கோல் இறங்கிவிட்டது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, இதற்குத்தானே வந்தார்கள்! ஒற்றைச் செல்லோ பேசியது. ஒரு கட்டம் முடிந்தது. முடிந்துவிட்டதென்று நினைத்து ஒரு ஓரத்தில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். இன்னும் பாக்கி இருக்கிறதென்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த இரண்டு தட்டில் அவருக்கு இடம் தவறிப்போனது.

"ச்ச்" என்றார். நிசப்தத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் போனது. பின்னால் போனார். வாசித்தார். தவறியது. "ச்ச்." பின்னால் போனார். சுற்றிலும் அத்தனை வாத்தியக்காரர்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அத்தனை ஜனமும் பார்த்திருக்க, மணிக்கணக்கர் நடு மேடையில் தன் வீட்டு அறையைத் திறந்து வைத்துச் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்தது இதுதான் என்று ஊருக்கே தெரிந்தது. முதலில் ஒருத்தர் செருமினார். பிறகு ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாக, மேலிருந்து படியிறங்கி வருகிற மாதிரி வந்தது. கோல்காரர் தான் நின்ற இடத்திலிருந்து குனிந்து, "போதும். எந்திரிங்க" என்றார், கெட்ட வார்த்தை எதுவும் சேர்க்காமல்.

வாத்தியங்கள் வைக்கிற அறையில் அவர் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வில்லைக் கையிலிருந்து விடவில்லை. பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர், வேறு யாரோ பேசுகிற மாதிரிச் சொன்னார்: "பயமா இருந்துது."

"எப்போ? இன்னிக்கா?"

"எப்பவும்."

அவள் அவர் விரல்களைப் பிரித்து வில்லை வாங்கி ஓரமாக வைத்தாள். "இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, தினம் நான் உங்க எதிர்ல உட்கார்ந்து கேட்டிருப்பேனே. நான் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பழகியிருக்குமே."

அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் எனக்கும் ஒரு இரக்கம் உண்டு. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நிமிஷம் ஒன்றுதான். வீடு போய்ச் சேருவதற்குள், "அந்தக் கைதட்டினவன் மட்டும் குறுக்க வரலேன்னா" என்று ஆரம்பித்துவிட்டார். நாற்காலியின் உயரம் சரியில்லை என்றார். கூடத்தில் ஈரக்காற்று என்றார். அடுத்த நாளே கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது சனிக்கிழமை சின்னவள் வாசித்தாள். ஜனம் பாதிதான் இருந்தது. மணிக்கணக்கர் தன் பழைய கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது: இவளும் விழுந்தால் கமிட்டி மறுபடி யோசிக்கும்; யோசித்தால் மூத்தவரைத்தானே யோசிக்கும்?

சின்னவள் மேடைக்கு வருமுன் பின்பக்கப் படியில் கடகடவென்று ஏறி இறங்கிவிட்டு வந்ததால் முகம் சிவந்திருந்தது. உட்கார்ந்தாள், வாசித்தாள். தனிப் பகுதியில் ஏழாவது கட்டத்தில் அவள் விரல் வழுக்கி, ஒரு சுரம் வழி தவறிப் போய்த் திரும்பியது. கடைசி வரிசையில் மணிக்கணக்கருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷத்தில் தந்தியில் வில்லை ஒரு தடவை நிஜமாகவே அழுத்திவிட்டார்.

எல்லோரும் ஒன்றாக முடித்தார்கள். சபை தட்டியது, முறையாக, மரியாதையாக. எழுந்து போகும்போது ஜனம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டு போனது.

மணிக்கணக்கர் நேராகக் கோல்காரரிடம் போனார்.

"ஒரு விஷயம். குழுவோட நன்மைக்காகத்தான் சொல்றேன்."

"சொல்லுங்க."

"என் சொந்தக்காரிங்கற தாட்சண்யம் எனக்குக் கிடையாது. அந்தப் பொண்ணு தப்பு பண்ணினா. தனிப் பகுதியில, ஏழாவது கட்டத்துல."

"ஆமா. விரல் வழுக்குச்சு."

"உங்களுக்கும் கேட்டுதா?" அவர் குரலில் லேசான ஏமாற்றம்.

"எனக்குக் கேட்டுது, உங்களுக்குக் கேட்டுது, அவளுக்கும் கேட்டிருக்கும். வேற யாருக்குக் கேட்டுது?"

"வேற யாருக்கும்... அவதான் முகத்துல காட்டிக்கவே இல்லையே."

"அப்புறம் என்ன பண்ணினா?"

"என்ன பண்ணினா? ஒண்ணும் பண்ணல. அவ பாட்டுக்கு அடுத்த கட்டத்துக்குப் போயிட்டா."

"அப்போ நாங்கெல்லாம் எங்க இருந்தோம்?"

"அங்கதான்."

கோல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "இதைக் கமிட்டிக்கு எப்படி எடுத்துச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். உங்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. வாங்க, அவங்ககிட்ட அப்படியே ஒரு தடவ சொல்லிடுங்க."

மணிக்கணக்கருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். கமிட்டி அறையில், நீள மேஜைக்கு எதிரே நின்று, எந்தக் கட்டம், எந்த விரல், எப்படித் தவறியது, தவறியும் அவள் எப்படி ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லோரோடும் சேர்ந்து போய் எல்லோரோடும் சேர்ந்தே முடித்தாள், ஒருத்தருக்கும் தெரியாமல் எப்படி மறைத்தாள் என்றெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். கமிட்டித் தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். "தப்பு வந்தும் யாருக்கும் தெரியாம சமாளிச்சான்னு சொல்றீங்க?"

"அதைத்தான் சொல்றேன்!"

"நல்லவேளை சொன்னீங்க சார். எங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது" என்று தலைவர் எழுந்து கைகுலுக்கினார். அங்கேயே, அந்த மேஜையிலேயே, முதல் நாற்காலி சின்னவளுக்கு என்று முடிவாயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் பெரியவள் இரண்டு பேருடைய மழைக்கோட்டையும் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மணிக்கணக்கர் வேகமாக வந்தார். முகம் குழம்பியிருந்தது, என்றாலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"கமிட்டியில கூப்பிட்டு என் அபிப்பிராயத்தைக் கேட்டாங்க" என்றார். "நான் சொன்ன பிறகுதான் முடிவே எடுத்தாங்க. ஏன் அந்த முடிவு எடுத்தாங்கன்னுதான் புரியல. ஆனா நான் சொன்ன பிறகுதான்."

"ஆமாங்க" என்றாள் பெரியவள், அவருடைய மழைக்கோட்டை நீட்டி. "நீங்க சொன்னதாலதான்."

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகிறவர்கள் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டில் பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் பரீட்சை எழுதுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் என்றைக்கும் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் பிள்ளைகள் கண் கலங்காமல், உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல், வீடு நிறைந்து வாழுங்கள்.